ஏழைக்குக் கொடுப்பது சபையின் வேலையா, சர்க்கார் வேலையா?

வாசகர் ஒருவர், 13 ஜூலை 2025

இயேசு ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னது விசுவாசிகளிடம். ஆட்சியில் இருந்த பிலாத்துவிடமோ ஏரோதிடமோ போய் அரிசி போடச் சொல்லவில்லை. வரியாகப் பிடுங்கிக் கொடுப்பதில் அன்பு எங்கே இருக்கிறது? இலவச அரிசியும் உதவித்தொகையும் வந்த பிறகு சபையில் தருமம் செய்யும் பழக்கமே குறைந்துவிட்டது. வாங்குகிறவர்களும் சோம்பேறியாகிவிட்டார்கள். ஏழைகளைச் சபையிடமே விட்டுவிடுவதுதான் வேதத்துக்கு ஒத்தது. இல்லை என்பவர்கள் வசனத்தோடு சொல்லுங்கள்.

14 ஜூலை, இரவு

நீங்கள் கேட்ட வசனம் நாளைக்கு. முதலில் அரிசிக் கணக்கு.

திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். அம்மா அதற்கென்றே ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள். வீட்டில் அரிசி தட்டிப்போன நாட்களில்கூட அந்த டின்னைத் தொட மாட்டாள். "அது நம்மது இல்ல" என்பாள். கொடுப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான், பிரசங்கத்தில் இல்லை.

2012 முதல் 2018 வரை எங்கள் சபைக்கு நான் பொருளாளர். சுமார் 140 குடும்பங்கள். பிடி அரிசி நல்ல மாதத்தில் 90 கிலோ சேரும். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். மொத்தத்தையும் ஏழைகளுக்கே கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எங்களில் உண்மையிலேயே சிரமப்பட்டவை பதினைந்து வீடுகள். வீட்டுக்கு ஆறு கிலோ.

ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், கார்டுக்கு 20 கிலோ வரை. மிக ஏழ்மையான வீடுகளுக்கான அந்த்யோதயா கார்டு என்றால் 35 கிலோ. எங்கள் சபையார் உண்மையாகக் கொடுப்பவர்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு மூட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் சபையிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

15 ஜூலை

வசனம் கேட்டீர்கள். லேவியராகமம் 19:9, 10. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேற்றூரானுக்கும்) விட்டுவிடு. இதைக் கட்டளையாகக் கொடுத்திருக்கிறது. "மனம் வந்தால் விடு" என்று இல்லை. வயல் உன் பெயரில் இருக்கிறது, விதைத்தவனும் நீதான், ஆனாலும் அந்த ஓரம் உன்னுடையது இல்லை. அம்மா டின்னைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான்.

ராஜாக்களிடம் எதிர்பார்க்கவில்லை என்கிறீர்களே, எரேமியா 22:16-ஐப் பாருங்கள். யோசியா ராஜாவைப் பற்றிய பேச்சு. சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான் என்று சொல்லிவிட்டு, "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்கிறார் கர்த்தர். சிங்காசனத்தில் இருக்கிறவனுக்கு அது பக்தியின் பாகம். ஏசாயா 10-இன் தொடக்கத்தில் வரும் "ஐயோ" யாருக்கு? கொடுமையான கட்டளைகளை எழுதுகிறவர்களுக்கு. இன்றைய பாஷையில் சட்டமும் அரசாணையும் எழுதுகிறவர்கள். பிலாத்துவிடம் இயேசு கேட்கவில்லை என்பது சரி. கைதியாகக் கட்டப்பட்டு நின்றவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா?

16 ஜூலை

"வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது என்று பவுல் சொன்னாரே" என்று ஒருவர். முழு வசனத்தையும் படியுங்கள்: "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்". மனதில்லாதவன் வேறு, முடியாதவன் வேறு. எழுபது வயதில் பீடி சுற்றி விரல் மடங்காமல் போனவளிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் 2 கொரிந்தியர் 9:7-ஐ எடுத்தார். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி உற்சாகமாய்க் கொடு என்கிற வசனம். அது எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பற்றியது. வரியைப் பற்றிச் சொல்ல வந்தபோது அதே பவுல் ரோமர் 13-இல் அதிகாரியை "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" இருக்கிற தேவ ஊழியக்காரன் என்கிறார், அதற்காகவே வரியும் கொடுக்கிறீர்கள் என்கிறார். காணிக்கைக்கு உற்சாகம், வரிக்குக் கடமை. இரண்டையும் அவர் குழப்பவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

இன்று ஆராதனையில் ஒருவரைப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சில் எனக்கு நேர்மை இல்லை. பெயர் வேண்டாம், ஆச்சி என்றே சொல்கிறேன்.

நான் பொருளாளராக இருந்தபோது ஏழைகள் நிதியிலிருந்து ஆச்சிக்கு மாதம் 300 ரூபாய். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மேஜை போட்டுக் கொடுப்போம். வாங்குகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள், ஊரே பார்த்துக்கொண்டு வெளியே போகும். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று படித்தவர்கள்தான் நாங்கள். அந்த மேஜையை உள்ளறைக்கு மாற்ற வேண்டும் என்று ஆறு வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆச்சி கமிட்டிக்காரர் யார் வந்தாலும் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார். அவர் கையில் தூக்கி வளர்த்த பையன்கள் கமிட்டியில் இருந்தார்கள், அவர்களுக்கும் எழுந்து நிற்பார்.

2015-இல் மூன்று நான்கு மாதம் ஆச்சி கோயிலுக்கு வரவில்லை. மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். "அங்கே போகிறவருக்கு இங்கே எதற்கு?" என்று கமிட்டியில் பேச்சு வந்தது. விவாதம் ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. பெயரை அடித்தோம். பதிவேட்டில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.

சிறைச்சாலை, பசி, தாகம் என்று மத்தேயு 25-இல் வரும் பட்டியலில் "எந்தச் சபைக்குப் போனாய்" என்ற கேள்வி இல்லை. அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஆச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவரை நாங்கள் வைத்திருக்கவும் இல்லை. ஆனால் அதே மாதம் ரேஷன் கடையில் அவருக்கு அரிசி விழுந்தது. எடை போடுகிறவருக்கு ஆச்சி எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது தெரியாது. தெரிந்தாலும் அவரால் கார்டில் கோடு போட முடியாது. அரசின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தராசுதான். முகதாட்சிணியம் என்ற சொல் லேவியராகமத்தில் கதிர் பொறுக்கும் கட்டளைக்குச் சில வசனம் தள்ளி அதே 19-ஆம் அதிகாரத்தில் வருகிறது. முகம் பார்த்துக் கொடுக்கிற இடத்தில் முகம் பார்த்து நிறுத்தவும் முடியும்.

21 ஜூலை

அக்கா போன் செய்தாள். அம்மா வைத்திருந்தது பிஸ்கட் டின் இல்லையாம், மண் கலயமாம், டின் வந்தது என் கல்யாணத்துக்கு அப்புறம்தானாம். கலயத்தில் எறும்பு ஏறும் என்று வேப்பிலை போட்டு வைத்ததைச் சொன்னதும் எனக்கும் மணத்தோடு ஞாபகம் வந்துவிட்டது. 14-ஆம் தேதி எழுதியதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

24 ஜூலை

வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத் பிச்சை கேட்கவில்லை, உரிமையோடு பொறுக்கினாள் என்று ஒருவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். ரூத் 2:7-ஐக் காட்டி அவர் மறுத்தார். அவள் வேலைக்காரர்களின் கண்காணியிடம் "பொறுக்கிக்கொள்ளட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறாள். சரி, நான் சொன்னது தப்பு.

ஆனால் இரண்டு நாளாக இதுவே மனதில் ஓடுகிறது. சட்டப்படி அவளுக்கு உள்ளதை அவள் ஏன் கேட்டு வாங்கினாள்? மோவாபிய ஸ்திரீ, விதவை, ஊருக்குப் புதுசு. கேட்காமல் இறங்கப் பயம். ஆச்சி ரேஷன் கடையில் "கொஞ்சம் பாத்துப் போடுங்க தம்பி" என்று கேட்பது இப்படித்தான். சட்டம் எழுதினால் மட்டும் பயம் போய்விடாது.

அப்புறம் போவாஸ், அந்த வயலின் சொந்தக்காரன். கதிர் பொறுக்க விடுவதோடு சட்டம் முடிந்தது. அவனோ கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே அரிகளைச் சிந்தச் சொல்கிறான், சாப்பிடக் கூப்பிட்டுத் தன் வேலைக்காரர்களோடு உட்கார வைக்கிறான். சட்டம் இருந்ததால் அவன் அன்பு குறைந்துபோனதாக அங்கே எழுதியில்லை.

27 ஜூலை

முதல் கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்து, "ஆதிச்சபை விதவைகளைத் தானே பார்த்துக்கொண்டது" என்கிறார். பார்த்துக்கொண்டது. அப்போஸ்தலர் 6-ஐயும் படிக்க வேண்டும். தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு. பரிசுத்த ஆவி இறங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், அதற்குள் நம்மவள், அடுத்தவள். தீர்வாக உபதேசம் செய்யவில்லை, ஏழு பேரை நியமித்து ஒழுங்கு பண்ணினார்கள். அந்த அதிகாரம் எனக்கு ஆறுதல். எங்கள் கமிட்டி செய்தது புதிய பாவம் இல்லை.

1 தீமோத்தேயு 5-இல் விதவைகள் பட்டியலுக்கு வயது 60. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள் பார்க்கட்டும் என்கிறது. சபைக்குக் கைக்காசு குறைவு, அதனால் அவ்வளவு நிபந்தனை. நம் ஊரில் ஆதரவற்ற முதியோர் உதவித்தொகைக்கும் வயது 60, பிள்ளை ஆதரவு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். 1962-இல் தொடங்கிய திட்டம், 2025-இல் மாதம் 1200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

அந்த நிபந்தனைதான் ஆச்சியையும் பிடித்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. எட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஆனால் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருந்தது. "மகன் இருக்கானே" என்று மனு திரும்பி வந்தது. கார்டிலிருந்து அவன் பெயரை நீக்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி தாசில்தார் என்று அலைந்து ஆணை வாங்க 14 மாதம். நான் கூடவே போனேன். பெயரை அடித்தவன் போகாமல் யார் போவது?

3 ஆகஸ்ட்

சர்க்காரைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று ஒரு வருத்தம் வந்திருக்கிறது. என் மனதிலும் மறுபக்கம் உண்டு.

ஏழு வருஷம் தானியம் சேர்த்துப் பஞ்சத்தில் கொடுத்த யோசேப்பை நல்ல ஆட்சிக்கு உதாரணமாகச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆதியாகமம் 47-ஐ மறுபடி வாசித்ததும் கை நின்றுவிட்டது. ஜனங்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், அப்புறம் ஆடுமாடுகளை, அப்புறம் நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாக. உயிரைக் காப்பாற்றினான், உண்மை. அதற்கு வாங்கிய விலையும் அங்கேயே எழுதியிருக்கிறது.

நம் பக்கத்தில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்கச் சொல்லி, இந்திய அரசாங்கம் அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, அதை வாங்கிக்கொண்டு மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் பிழைக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். கஜானாவைக் காப்பதுதான் ஆட்சி என்று நினைத்தால் சர்க்கார் அப்படியும் நடக்கும்.

அதே பஞ்சத்தில் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கர், தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்த்து அவர்மேல் கீர்த்தனையே பாடினார். தனி மனிதனின் தருமம் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். ஆனால் மாயூரத்துக்கு ஒரு வேதநாயகம் பிள்ளை கிடைத்தார், மற்ற ஊர்களுக்கு?

திருநெல்வேலியில் அந்தப் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். சோத்துக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்று தொடங்கி எங்கள் தாத்தா காலம்வரை தொடர்ந்தது. உண்மையாய் விசுவசித்தவனும் அதைக் கேட்டான். கஞ்சித்தொட்டி சபையின் கையில் மட்டும் இருந்தால், பசியோடு வருகிறவனின் விசுவாசத்தின்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்று ரேஷன் அரிசி சாப்பிட்டுவிட்டு ஒருவன் கோயிலுக்கு வந்தால் அவன் ஆண்டவருக்காகத்தான் வருகிறான். முதல் கேள்வி கேட்டவர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

13 ஆகஸ்ட்

நேற்று தாயுமானவர் திட்டம் தொடங்கியிருக்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும். ஆச்சிக்கு 78.

ஆச்சியின் உண்மையான தொல்லை தூரம் இல்லை, விரல். கைரேகை மிஷினில் அவர் ரேகை விழாது. பீடி இலை வெட்டி, சுற்றி, நூல் கட்டி அறுபது வருஷத்தில் விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுத்துவிட்டது. துடைத்துத் துடைத்து வைப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். உழைத்து உழைத்து ரேகையே அழிந்துபோன விரல் அது, அதனிடமே சாட்சி கேட்கிறது மிஷின். தனக்குப் பதில் வேறொருவர் வாங்க அனுமதிக்கும் படிவம் ஒன்று இருக்கிறது. அது இருப்பதே ஆச்சிக்குத் தெரியாது. எங்கள் சபை அறிவிப்பில் கல்யாண ஓலையும் பண்டிகைத் தேதியும் வாசிக்கிறோம், இதை ஒருநாளும் வாசித்ததில்லை.

27 ஆகஸ்ட்

நேற்று நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. தொடக்க விழா நடந்தது மயிலாப்பூரில், புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். போன வருஷம் ஜூலை 15-இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்குத் தொடங்கியதும் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில்தான்.

நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவன். கட்டடம் மிஷனுடையது, வாத்தியார் சம்பளம் சர்க்காருடையது. 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைக்க வழி செய்ததிலிருந்து இந்த ஏற்பாடு. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. கோயில் சுவரை ஒட்டித்தான் சமையல் கொட்டகை. உபதேசியார் ஜெபம் பண்ணுவார், ஆயாம்மா சோறு போடுவார், இது கர்த்தர் போடுகிற சோறா சர்க்கார் போடுகிற சோறா என்று எங்களில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. தட்டு நிறைந்தால் போதும்.

காமராஜர் காலத்து மதிய உணவும் பல ஊர்களில் ஊரார் கொடுத்த நன்கொடையில்தான் தொடங்கியது. அரசு பங்கு போட்ட பிறகே எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தருமம் வழி காட்டுகிறது, அதை எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோக வரிப்பணம் வேண்டியிருக்கிறது.

31 ஆகஸ்ட்

"அப்படியானால் சர்க்கார் கிறிஸ்தவ ஏழைக்கு என்ன செய்தது?" என்று ஒரு தம்பி கோபமாகக் கேட்டிருக்கிறார். அவர் கோபம் நியாயம். 1950-ஆம் வருஷத்து ஆணை இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டிபோட வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது, இதுவரை மாற்றம் இல்லை. ஞானஸ்நானம் எடுத்ததும் சாதி இழிவு போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது.

போய்விட்டதா? எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவில் ஒரு வேலி இருந்தது. நான் வாலிபனாக இருந்தபோது அதைப் பிடுங்கினார்கள். ஆனால் இன்றும் அடக்கம் செய்யும்போது யார் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஆணையை மாற்றச் சொல்லி டில்லிக்கு மனு எழுதும் நாம், நம் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி யாருக்கு மனு எழுதுவது? தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பக்கம் நிற்கிறேன்.

8 செப்டம்பர்

ஆச்சி எப்படி இருக்கிறார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நன்றாக இருக்கிறார். உதவித்தொகை வர ஆரம்பித்த பிறகு எங்கள் கோயிலுக்கே திரும்பி வந்துவிட்டார். காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுகிறார். நேற்று ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்தி, "பொம்பளைங்க பக்கம் ஃபேன் ஓடி மூணு வாரமாச்சி, என்னத்த பாக்கிய நீங்க கமிட்டில?" என்று சத்தம் போட்டார். நான் இப்போது கமிட்டியில் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். உட்கார்ந்தபடியேதான் திட்டினார். எழுந்திருக்கவில்லை.

14 செப்டம்பர்

ஃபேன் சரியாகிவிட்டது.

ஐயரை, அதாவது எங்கள் சபைக் குருவானவரை, போய்ப் பார்த்தேன். பக்கத்துச் சபைகளைச் சேர்த்து நடத்தும் சேகரக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏழைகள் நிதியில் யார் பெயரையும் ஆராதனைக்கு வரவில்லை என்பதற்காக எடுக்கக் கூடாது. மேஜை உள்ளறைக்குப் போக வேண்டும், வர முடியாதவர்களுக்கு வீட்டில் கொடுக்க வேண்டும். உதவித்தொகைக்கும் ரேஷன் படிவத்துக்கும் தாலுகா ஆபீஸ் போகிறவர்களுக்குத் துணையாகச் சபையில் இரண்டு பேர், பஸ் செலவு நிதியிலிருந்து. 2015 பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறேன், என் கையெழுத்து தெரியும்படி.

ஐயர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிடி அரிசியில பாதிய இதுக்கு ஒதுக்கலாமான்னும் கேட்டு எழுதுங்க" என்றார். அதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். கமிட்டி அக்டோபர் 5, ஞாயிறு, ஆராதனைக்கு அப்புறம்.